3ப + 4ம ஏன் 7பம ஆகாது?

மாடி வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் ஆனால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கீழே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரம் அவள் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது:

3ப + 4ம = 7பம

மேலே சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. "ஏன் அத்தை தப்பு? மூணும் நாலும் ஏழுதானே?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு கூட்டல் கணக்கும் ஒரே ஒரு எண்ணில்தான் முடிந்திருக்கிறது. நடுவில் கூட்டல் குறி நின்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இப்போது திடீரென்று "3ப + 4ம என்பதே விடை, இதோடு நிறுத்து" என்றால், பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்ததுபோல இருக்கிறது அவளுக்கு. எப்படியாவது அந்தக் கூட்டல் குறியைப் போக்கிவிடப் பார்க்கிறாள். எண்களைக் கூட்டினாள், எழுத்துகளை ஒட்டினாள், குறி காணாமல் போனது, நிம்மதி.

"ஒத்த உறுப்புகளை மட்டும்தான் கூட்டலாம், கழிக்கலாம்" என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதை மனப்பாடம் செய்துவிட்டால் அந்த வாரத் தேர்வில் மதிப்பெண் வரும். ஆனால் அந்த விதி எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், ப² வந்ததும் தடுமாற்றம், அடைப்புக்குறி வந்ததும் தடுமாற்றம், பத்தாம் வகுப்பு வரைக்கும் அது கூடவே வரும். எனக்கு இது பொறுக்காத விஷயம், ஏனென்றால் விதியின் காரணம் மிகச் சின்னது. அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் இங்கே ப, ம என்று எழுதுகிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். க, உ, ச ஆகியவற்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பழைய தமிழ் எண்களில் 1, 2, 4 ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும், குழப்பம் வேண்டாம்.

எழுத்துக்குள் இருப்பது ஒரு எண்

இதைச் சொல்லிக்கொடுக்கப் பலரும் பழக் கூடையைக் கொண்டுவருவார்கள். மூன்று மாம்பழமும் நான்கு வாழைப்பழமும் சேர்ந்தால் "ஏழு மாவாழை" என்று ஏதாவது உண்டா? பிள்ளைகள் சிரிப்பார்கள், உடனே புரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். நானும் முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. பழக் கூடை ஒரு வாரம்தான் தாங்கும். அடுத்த வாரம் ப² வரும்போது "மாம்பழத்தின் வர்க்கம்" என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் பதில் இல்லை. அதைவிட, "ஏழு பழம்னு சொல்லலாமே அத்தை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவும் சரியாகவே இருக்கிறது!

சிக்கல் இதுதான்: ப என்பது பழம் அல்ல, ஒரு எண். என்ன எண் என்று இன்னும் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத எண்ணுக்கு வைத்த பெயர் அது. பாடப்புத்தகம் அதை மாறி என்று சொல்கிறது.

சரி, ஒரு ஓட்டலுக்குப் போவோம். ஒரு இட்லியின் விலை ப ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வடையின் விலை ம ரூபாய். இங்கே ப என்பது இட்லி அல்ல, இட்லியின் விலை. அந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களும் நண்பரும் போய் உட்கார்ந்தீர்கள். நண்பர் நான்கு இட்லி, இரண்டு வடை சாப்பிட்டார். நீங்கள் மூன்று இட்லி, ஒரு வடை. மொத்தப் பில்:

4ப + 2ம + 3ப + ம

பில் போடுபவர் இதை எப்படிச் சொல்வார்? "ஏழு இட்லி, மூணு வடை." அதாவது 7ப + 3ம. யார் சாப்பிட்டது என்பது அவருக்கு வேண்டாம். இட்லிக் கணக்கை இட்லியோடு சேர்த்தார், வடைக் கணக்கை வடையோடு சேர்த்தார். அவர் செய்ததுதான் ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது. ஏழாம் வகுப்புப் பாடம் அவர் வாயில் தினமும் நூறு முறை வருகிறது.

இட்லி 10 ரூபாய், வடை 12 ரூபாய் என்று வைத்துப் பார்க்கலாம். நண்பரின் இட்லி 40, வடை 24, உங்கள் இட்லி 30, வடை 12. மொத்தம் 106. பில் போடுபவரின் வழியில் 70 + 36, அதுவும் 106. நாளைக்கு வடை விலை 15 ஆகிவிட்டால் 70 + 45 = 115. விலை மாறினாலும் 7ப + 3ம என்ற வடிவம் மாறுவதில்லை. எந்த விலைக்கும் அது பொருந்தும்.

இப்போது அந்தக் கூட்டல் குறியையும் போக்கிவிட்டு 10பம என்று எழுதினால்? பம என்று எழுத்துகளை ஒட்டி எழுதினால் இயற்கணிதத்தில் பெருக்கல் என்று பொருள். 10 × 10 × 12. ஆயிரத்து இருநூறு ரூபாய்! 106 ரூபாய்க்குச் சாப்பிட்டவரிடம் 1200 ரூபாய் கேட்டால் என்ன நடக்கும் என்று மாடி வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் அந்தச் சிவப்புக் கோட்டை அப்போதுதான் மன்னித்தாள்.

ஏற்கெனவே தெரிந்த விதி

7 × 38 + 3 × 38 எவ்வளவு? தாளில் எழுதிப் பெருக்காமல் சொல்லுங்கள்.

ஏழு முப்பத்தெட்டும் மூன்று முப்பத்தெட்டும் சேர்ந்தால் பத்து முப்பத்தெட்டு. 380. முப்பத்தெட்டைத் தனித்தனியாகப் பெருக்க வேண்டிய அவசியமே இல்லை. 38 என்ற இடத்தில் 57 இருந்தாலும் இப்படியே பத்து ஐம்பத்தேழு, 570. எந்த எண் இருந்தாலும் சரி. அப்படியானால் அங்கே ஒரு ப-வை வைத்துவிடலாமே:

7ப + 3ப = (7 + 3)ப = 10ப

இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது என்று தனியாக ஒரு விதியே கிடையாது. பங்கீட்டுப் பண்பைத்தான் வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மீதி எல்லாம் தானாக வந்துவிடும். 7 × 38 + 3 × 41 என்று இருந்தால் அந்த வழி செல்லாது. இரண்டிலும் பொதுவாக எடுத்து வெளியே வைக்க 38-ம் இல்லை, 41-ம் இல்லை. 7ப + 3ம-வும் அதே காரணத்தால்தான் அப்படியே நிற்கிறது.

இனி பெயர்களைச் சொல்லிவிடலாம். கூட்டல், கழித்தல் குறிகளால் பிரிக்கப்பட்டு நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு உறுப்பு. பெருக்கல் துண்டாக்காது: 5ப × 2ம என்பது ஒரே உறுப்பு, 5ப + 2ம என்பது இரண்டு உறுப்பு. எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் கெழு. இலங்கைப் பாடநூல்களில் குணகம். கெழு "எத்தனை மடங்கு" என்று சொல்கிறது, எழுத்துப் பகுதி "எதனுடைய மடங்கு" என்று சொல்கிறது. எழுத்துப் பகுதி அச்சாக ஒன்றாக இருந்தால் அவை ஒத்த உறுப்புகள். சேர்க்கும்போது கெழுக்கள் மட்டும் கூடும், குறையும். எழுத்துப் பகுதியைத் தொடவே கூடாது.

எது ஒத்தது, எது ஒத்ததுபோல் ஏமாற்றுவது

5ப, −2ப, ப/3 எல்லாம் ஒத்தவை. கெழு முழு எண்ணாக இருக்கலாம், குறை எண்ணாக இருக்கலாம், பின்னமாக இருக்கலாம், அது பொருட்டே இல்லை. எழுத்தில்லாத தனி எண்கள் தங்களுக்குள் ஒத்தவை. ஆனால் 5 + 3ப என்பதை 8ப என்று எழுத முடியாது: ப = 3 என்றால் முதலாவது 14, இரண்டாவது 24.

பம-வும் மப-வும்? ஒத்தவை. மூவைந்து பதினைந்து, ஐமூன்றும் பதினைந்து. பெருக்கலில் வரிசை மாறினால் பலன் மாறாது. எனவே 4பம + 3மப = 7பம. (பாருங்கள், 7பம-வுக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கிறது.) இதைப் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடுவார்கள், எழுத்துகளை அகர வரிசையில் திருத்தி எழுதிக்கொண்டால் தவறாது. ஆனால் ப²ம-வும் பம²-வும் ஒத்தவை அல்ல. ப = 3, ம = 5 என்று போட்டால் ஒன்று 45, இன்னொன்று 75.

ப-வும் ப²-வும்தான் பெரிய கண்ணி. எழுத்து ஒன்றுதானே என்று ப + ப² = 2ப² என்றோ, இன்னும் துணிந்து 2ப³ என்றோ எழுதிவிடுவார்கள். ப என்பது ஒரு கயிற்றின் நீளம் என்று நினையுங்கள். ப² என்பது அந்தக் கயிற்றைப் பக்கமாக வைத்துக் கட்டிய சதுர நிலம். கயிற்றையும் நிலத்தையும் கூட்டி "மொத்தம் இவ்வளவு" என்று எந்த அலகில் சொல்வீர்கள்? ப = 3 என்றால் ப² என்பது மூன்று மடங்கு ப, ப = 10 என்றால் பத்து மடங்கு ப. இரண்டுக்கும் இடையே நிலையான ஒரு விகிதம் இல்லை. அதனால் ஒன்றை இன்னொன்றின் இத்தனை மடங்கு என்று எழுதி ஒரே குவியலில் போட வழியில்லை.

இந்த "விகிதம்" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. 2 மீட்டரும் 30 சென்டிமீட்டரும் பார்வைக்கு ஒத்தவை அல்ல. ஆனாலும் கூட்டுகிறோம், 230 சென்டிமீட்டர் என்கிறோம். எப்படி? ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்று தெரியும், ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டோம். பழைய தமிழ்ப் பின்னங்களில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டு மாவும் மூன்று காணியும் எவ்வளவு? நான்கு காணி ஒரு மா என்பதால் எட்டும் மூன்றும் பதினோரு காணி. இதுவும் அதே வேலை. பின்னக் கூட்டலும் அதேதான்: 2/7 + 3/7 என்றால் "ஏழில் ஒரு பங்கு" என்பவை இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து, 5/7. பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்ணை, ஏன் கூட்டக் கூடாது என்று கேட்கும் பிள்ளைக்கு, பகுதி ஒரு பெயர், எதனுடைய பங்கு என்று சொல்லும் பெயர் என்று சொல்லிப் பாருங்கள். 1/2 + 1/3 வந்தால் இரண்டையும் ஆறில் பங்குகளாக மாற்றி, 3/6 + 2/6 என்று ஒத்தவையாக்கிய பிறகுதான் கூட்டுகிறோம்.

ப-வையும் ம-வையும் ஏன் அப்படி மாற்ற முடியவில்லை? அவற்றுக்கு இடையே என்ன உறவு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாளைக்கு யாராவது வந்து "வடை விலை இட்லி விலையைப் போல இரு மடங்கு" என்று சொல்லிவிட்டால், ம = 2ப ஆகிவிடுகிறது; 3ப + 4ம என்பது 3ப + 8ப, அதாவது 11ப. அதுவரை பிரிந்து நின்றவை சேர்ந்துவிட்டன. ஆகவே 3ப + 4ம என்று நிறுத்துவது, நமக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட்டு நிற்பது. கணக்கு அரைகுறையாக விடப்படவில்லை.

எண்களைப் போட்டுச் சரிபார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 0, 1, 2 ஆகியவற்றை எடுக்காதீர்கள். ப = 1 என்று வைத்தால் ப + ப² = 2, 2ப² = 2, தப்பான விடை சரியானதுபோலத் தெரியும். ப = 2 என்று வைத்தால் ப + ப = 4, ப² = 4, மறுபடியும் ஏமாற்று. நான் எப்போதும் 3, 5 என்ற இரண்டையும்தான் எடுத்துக்கொள்வேன். ப = 3 என்றால் ப + ப² என்பது 12, 2ப² என்பது 18, 2ப³ என்பது 54. பொய் உடனே வெளுத்துவிடும். சோதித்துப் பொருந்தாவிட்டால் தப்பு என்பது உறுதி. பொருந்தினால் ஏறக்குறைய நிம்மதியாக இருக்கலாம், ஆனாலும் ஒரு எண்ணுக்குப் பொருந்துவது எல்லா எண்ணுக்கும் பொருந்தியதாகாது.

வண்ணப் பென்சில்

இனி ஒரு முழுக் கணக்கு:

6ப − 4ம + 7 − 9ப + ம − 2

இங்கேதான் குறிகள் வழுக்கும். குறி யாருக்குச் சொந்தம்? தனக்கு வலப்பக்கம் நிற்கும் உறுப்புக்கு. 9ப-வுக்கு முன்னால் கழித்தல் இருக்கிறது என்றால் அந்த உறுப்பு −9ப. வீடு மாறினாலும் மூட்டையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும். மாடி வீட்டுப் பெண்ணிடம் மூன்று வண்ணப் பென்சில் கொடுத்தேன். ப உள்ளவற்றின் அடியில் பச்சைக் கோடு, ம உள்ளவற்றுக்கு நீலம், தனி எண்களுக்குச் சிவப்பு. ஒரு நிபந்தனை: கோடு குறிக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும். −9ப என்றால் அந்தச் சின்னக் கழித்தல் கோட்டுக்கு அடியிலும் பச்சை இருக்க வேண்டும்.

பச்சை: 6ப − 9ப = −3ப. நீலம்: −4ம + ம. இங்கே ம என்று தனியாக நின்றால் கெழு 1 என்று அர்த்தம், எழுதுவதில்லை, அவ்வளவுதான். நான்கு கடன், ஒன்று கையில், −3ம. சிவப்பு: 7 − 2 = 5. விடை −3ப − 3ம + 5. ப = 3, ம = 5 என்று வைத்து இரண்டையும் பாருங்கள்: மூலத்தில் 18 − 20 + 7 − 27 + 5 − 2, அதாவது −19. விடையில் −9 − 15 + 5, அதுவும் −19.

எழுதாத அந்த 1 நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. 5ப − ப எவ்வளவு என்றால் பட்டென்று "5" என்று வரும். ஐந்து ப-விலிருந்து ப-வை எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து என்று கண் படிக்கிறது. எழுத்தை அழிப்பதைக் கழிப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து இட்லி விலையிலிருந்து ஒரு இட்லி விலையைக் கழித்தால் நான்கு இட்லி விலை. 4ப. ஆரம்பத்தில் சில நாள் 1ப என்றே எழுதவிடுங்கள். ஆசிரியர் சுழித்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்வேன்.

வண்ணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தெரியாத எண்களுக்கு வண்ணங்களின் பெயரை வைத்தவர்கள் நம் நாட்டுப் பழைய கணித அறிஞர்கள். முதல் தெரியா எண் யாவத்தாவத், "எவ்வளவோ அவ்வளவு". அடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதகம்: கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது யா, கா, நீ, பீ, லோ என்று முதல் அசை மட்டும். தனி எண்ணுக்கும் ரூ என்று ஒரு அடையாளம் உண்டு, அதனால் தனி எண்ணையும் தெரியா எண்ணையும் சேர்த்துவிடும் தவறு கண்ணுக்கே தெரிந்துவிடும். 628-இல் எழுதிய நூலில் பிரம்மகுப்தர், தெரியா எண், அதன் வர்க்கம், கனம் முதலியவற்றில் ஒப்பானவற்றுக்குத்தான் கூட்டலும் கழித்தலும், ஒப்பில்லாதவை தனித்தனி என்று விதி வகுத்துவிட்டார். 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதம் என்ற தம் நூலில் அதையே இன்னும் சுருக்கமாக, ஒரே இனத்தவை கூடும், வேறு இனத்தவை பிரிந்து நிற்கும் என்றார். அல்ஜீப்ரா என்ற பெயர் அல்-க்வாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள அல்-ஜப்ர் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே தலைப்பில் இரண்டாவதாக நிற்கும் சொல் அல்-முகாபலா. சமன்பாட்டின் இரு பக்கமும் இருக்கும் ஒரே இனத்தவற்றை எதிரெதிராக வைத்துக் கழித்துவிடுவது அது. நம் பெண்ணின் பச்சைக் கோட்டுக்கு இத்தனை பெரிய பரம்பரை.

அடைப்புக்குறியும் பெருக்கலும்

இவை இரண்டும் அடுத்த பாடங்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடைப்புக்குறி இருந்தால் முதலில் அதைத் திற, அப்புறம்தான் ஒத்தவற்றைத் தேடு. 7ப − (2ப − 5) என்றால் கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டு உறுப்பையும் திருப்பும்: 7ப − 2ப + 5 = 5ப + 5. கடைசியில் −5 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. ப = 3 வைத்துப் பார்த்தால் 21 − 1 = 20; 15 + 5 = 20.

"ஒத்தவற்றை மட்டும்" என்ற கட்டுப்பாடு கூட்டலுக்கும் கழித்தலுக்கும்தான். பெருக்கலுக்கு அது கிடையாது. 3ப × 4ம = 12பம, யாரும் யாரோடும் பெருகலாம். இந்த இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் வந்தால் ஒன்றின் பழக்கம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். 7பம பிறப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே சில நாள் விட்டுப் பயிற்சி கொடுத்தால் நல்லது.

எதற்கு இந்த வேலை எல்லாம்?

4ப + 7 + 2ப − 3 = 40 என்று ஒரு சமன்பாடு வந்தால், அதை 6ப + 4 = 40 என்று சுருக்கின பிறகுதான் ப = 6 என்று கண்ணுக்குத் தெரியும். அது பரீட்சைக்கான பதில். பிள்ளைகளுக்கு நான் காட்டுவது சுவரில் தொங்கும் மாதக் காலண்டர்.

அவளிடம் சொன்னேன்: "நான் திரும்பி நின்னுக்கறேன். மூணுக்கு மூணு ஒரு கட்டம் எடு, ஒன்பது தேதி இருக்கணும். நடுவுல இருக்கற தேதியை மட்டும் சொல்லு." அவள் "பதினஞ்சு" என்றாள். "மொத்தம் 135" என்றேன். அவள் கூட்டிப் பார்த்தாள். 7, 8, 9, 14, 15, 16, 21, 22, 23. மேல் வரிசை 24, நடுவில் 45, கீழே 66. நூற்று முப்பத்தைந்து. இன்னொரு கட்டம் எடுத்தாள், நடுவில் 11. நான் 99 என்றேன். அவளுக்கு விடவே மனம் இல்லை.

அப்புறம் நடுத் தேதிக்கு ப என்று பெயர் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவை ப − 1, ப + 1. ஒரு வாரம் முன்னால் ப − 7, அதன் இரு பக்கமும் ப − 8, ப − 6. கீழே ப + 6, ப + 7, ப + 8. ஒன்பதையும் வரிசையாக எழுதினாள், பென்சிலை எடுத்தாள். பச்சைக் கோடு ஒன்பது, ஒன்பது ப. சிவப்புக் கோட்டில் −8-ம் +8-ம் போயின, −7-ம் +7-ம் போயின, −6-ம் +6-ம், −1-ம் +1-ம். மிஞ்சியது 9ப. பதினைந்து ஒன்பது நூற்று முப்பத்தைந்து. மந்திரம் அவள் கைக்கு வந்துவிட்டது. நாளைக்குப் பள்ளியில் தோழிகளிடம் காட்டப்போவதாகச் சொன்னாள்.

"நாலுக்கு நாலு எடுத்தா?" என்று அவளே கேட்டாள். நான்கில் நடுக்கட்டம் இல்லை, அதனால் மேல் இடது மூலைத் தேதியை ப என்று வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். பதினாறு உறுப்பு, அரைப் பக்கம் ஓடியது. ஒரு இடத்தில் ப + 21-க்குப் பதிலாக ப + 20 எழுதிவிட்டு, தானே கண்டுபிடித்து அடித்துத் திருத்தினாள். பச்சையை எண்ணினாள், சிவப்பைக் கூட்டினாள். காலண்டரில் 1-ஆம் தேதியை மூலையாக வைத்துப் பதினாறையும் கூட்டிச் சரிபார்த்தாள், 208 வந்தது. நோட்டில் கடைசியாக எழுதியது:

16ப + 192

நடுவில் கூட்டல் குறி நின்றது. அதை அவள் ஒன்றும் செய்யவில்லை. அடியில் இரட்டைக் கோடு போட்டு நோட்டை மூடினாள்.